எத நறுக்கி வைக்கலாம், எத வைக்கக்கூடாது? – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்வி முக்கால்வாசி ஒரே விஷயத்தப் பத்திதான். சமையல் நேரத்தக் குறைக்க முன்னாடியே என்னென்ன தயார் பண்ணி வைக்கலாம், எத்தன நாள் தாங்கும், எதுல ஆபத்து இருக்கு. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு எடுத்து வச்சுட்டு இத மட்டும் பேசிடலாம்.

கேள்வி: அக்கா, நான் வேலைக்குப் போறேன், வீட்ல ரெண்டு பசங்க. ஞாயித்துக்கிழமை உக்காந்து வாரம் பூரா வேணுங்கற காயெல்லாம் நறுக்கி டப்பா டப்பாவா ஃப்ரிட்ஜ்ல அடுக்கிடறேன். திங்கள், செவ்வாய் நல்லாதான் போகுது. புதன்கிழமை திறந்து பாத்தா வெள்ளரிக்கா கொழகொழன்னு இருக்கு, தக்காளி தண்ணி விட்டுக் கெடக்கு, உருளைக்கிழங்கு கறுத்துப் போயிருக்கு. பாதி குப்பைக்குத்தான் போகுது. லீவு நாளும் போச்சு, காயும் போச்சு. எங்க தப்பு பண்றேன்?

பதில்: உங்க உழைப்புல ஒரு குறையும் இல்லமா. எல்லாக் காயையும் ஒரே நாள்ல நறுக்கி முடிச்சிடணும்னு நெனைக்கறதுலதான் சிக்கலே. கத்தி பட்ட இடத்துல காயோட செல் உடையுது, உள்ள இருக்கற தண்ணியும் என்சைமும் (காய்க்குள்ள நடக்கற மாற்றத்த வேகப்படுத்தற புரதம்) வெளிய வந்துடுது, கெட்டுப்போறது அங்கிருந்துதான் ஆரம்பிக்குது. அப்ப எவ்வளவு பொடியா நறுக்கறோமோ அவ்வளவு சீக்கிரம் கெடும். பெரிய துண்டா வச்சா கொஞ்சம் கூடத் தாங்கும், முழுசா வச்சா இன்னும் தாங்கும்.

கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பீன்ஸ், முள்ளங்கி இதெல்லாம் கெட்டியான காய். நறுக்கி மூடி போட்ட டப்பால வச்சா நாலு நாள் தாராளமா நிக்கும். குடைமிளகா மூணு நாள்னு வச்சுக்கங்க. வெள்ளரிக்கா, தக்காளி, சுரைக்கா மாதிரி தண்ணிக் காய நறுக்கி வைக்கவே வேணாம், ஏன்னா அத நறுக்கவே ஒரு நிமிஷம்தான் ஆகும், அதுல மிச்சமாகற நேரம்னு ஒண்ணும் கிடையாது. உருளைக்கிழங்கு, கத்திரிக்கா, ஆப்பிள் மூணும் கறுக்கறதுக்குக் காரணம் பாலிஃபீனால் ஆக்சிடேஸ்னு ஒரு என்சைம், காத்து பட்டதும் அது வேலைய ஆரம்பிச்சிடும். உருளைக்கிழங்க தோல் சீவி குளிர்ந்த தண்ணில முங்க வச்சு ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி வைக்கலாம், அதுக்கு மேல வேணாம். கத்திரிக்காய சமைக்கறப்பதான் வெட்டணும், அதுக்குக் குறுக்கு வழி கிடையாது.

அடுத்தது ஈரம். டப்பால வச்ச காய் கெடறதுக்குப் பெரிய காரணம் கழுவின தண்ணி அப்படியே ஒட்டிட்டு இருக்கறதுதான். கழுவி, வடிகட்டி, ஒரு சுத்தமான துணில பரப்பி நல்லா காய விட்டு அப்புறம் நறுக்குங்க. டப்பாவுக்கு அடில ஒரு மடிச்ச துணியோ டிஷ்யூ பேப்பரோ போட்டு வைங்க, அது ஈரமாயிட்டா மாத்திடுங்க. உப்பு மட்டும் முன்னாடியே போட்டு வைக்காதீங்க, உப்பு பட்டா காய் தண்ணி விட ஆரம்பிச்சிடும்.

இதெல்லாத்தையும் விட முக்கியமான ஒண்ணு இருக்கு. ஒரு நாள் நீங்க சமைக்கும்போது எதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கடிகாரத்தப் பாத்துட்டே செஞ்சு பாருங்க. கேரட் நறுக்கறதுக்கா நேரம் போகுது? இல்லவே இல்ல. பூண்டு உரிக்கறது, கீரை ஆயறது, கடலை ஊற வைக்கறது, வெங்காயம் பொன்னிறமா வதங்கற வரைக்கும் அடுப்பு பக்கத்துலயே நிக்கறது, அப்புறம் இன்னிக்கு என்ன சமைக்கறதுன்னு ஃப்ரிட்ஜ் கதவத் திறந்து வச்சுட்டு யோசிக்கறது, நேரம் முழுக்க இதுலதான் போகுது. முன்கூட்டியே முடிக்க வேண்டியது இந்த வேலையத்தான், காய் நறுக்கறது ரெண்டாம்பட்சம்.

குறிப்பா வெங்காயம் வதக்கறது. வெங்காயத்துல கிட்டத்தட்ட 89 சதவீதம் தண்ணிதான், அதுல பெரும்பகுதி ஆவியாப் போனாதான் நிறம் மாறவே ஆரம்பிக்கும், நல்ல பழுப்பு நிறம் வரணும்னா மிதமான தீயில முக்கால் மணி நேரம் கூட ஆகும். ஒரு கிலோ வதக்கக் கொஞ்சம் கூட நேரம் ஆனாலும் தினம் தினம் தனியா வதக்கறத விட மிச்சம்தான், அதனால ஒரே தடவையா அகலமான பாத்திரத்துல ஒரு கிலோவ வதக்கி, ஆற வச்சு, ஒரு வேளைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவா பிரிச்சு ஃப்ரீசர்ல வச்சுட்டீங்கன்னா ரெண்டு மாசம் வரைக்கும் தைரியமா எடுத்து எடுத்து சமைக்கலாம். ஆபீஸ்லேர்ந்து வந்து களைப்பா நிக்கற நேரத்துல அந்தப் பாக்கெட் குடுக்கற நிம்மதி நறுக்கின கேரட்ல கிடைக்காது.

ஞாயித்துக்கிழமைய முழுசா இதுக்குத் தராதீங்கமா. அன்னிக்கு ஒரு மணி நேரம், புதன்கிழமை ராத்திரி ஒரு அரை மணி நேரம், ரெண்டாப் பிரிச்சுக்கங்க. புதன்கிழமை நறுக்கின காய் வெள்ளி, சனி வரைக்கும் நல்லாவே இருக்கும்.

கேள்வி: நறுக்கின வெங்காயத்த ஃப்ரிட்ஜ்ல வச்சா அது கிருமிய எல்லாம் இழுத்து விஷமாயிடும்னு ஒரு மெசேஜ் வந்துச்சு மேடம், நெசமா? இன்னொண்ணு, வெங்காய வாட பால்ல கூட ஏறிடுது.

பதில்: வெங்காயம் கிருமிய இழுக்கும்ங்கறது சுத்தப் பொய். அப்படி எந்தக் காயாலயும் காத்துல இருக்கற கிருமிய உறிஞ்ச முடியாது. கை சுத்தம், கத்தி சுத்தம், பலகை சுத்தம், மூடி இறுக்கம், இது நாலும் சரியா இருந்தா நறுக்கின வெங்காயம் ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் வரைக்கும் கெடாது. ருசிக்குன்னு பாத்தா மூணு நாலு நாளுக்குள்ள முடிச்சிடறது நல்லது, போகப் போக ஒரு கசப்பு தட்டும். பச்சையா சாப்பிடறதுக்குன்னா அன்னன்னிக்கு நறுக்குங்க.

வாட ஏறாம இருக்க கண்ணாடி டப்பாவோ எவர்சில்வர் டப்பாவோ, மூடி ரப்பர் வளையத்தோட இறுக்கமா இருக்கணும். பிளாஸ்டிக் டப்பால ஒரு தடவை வெங்காயம் வச்சா அப்புறம் அத வெங்காயத்துக்குன்னே ஒதுக்கிடுங்க. நறுக்கும்போது கண் எரியறவங்க வெங்காயத்த அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு எடுத்து நறுக்கிப் பாருங்க, கண்ணக் கலங்க வைக்கற அந்தக் கந்தக வாயு குளிர்ல கம்மியாதான் கிளம்பும். கத்தி கூர்மையா இருந்தா இன்னும் நல்லது.

கேள்வி: இஞ்சி பூண்டு விழுது மொத்தமா அரைச்சு மேல எண்ணெய் ஊத்தி வச்சா ரொம்ப நாள் கெடாதுன்னு சொல்றாங்க. எங்க வீட்ல சில சமயம் பூண்டு பச்சை நிறமா மாறிடுது, அது விஷமா அக்கா?

பதில்: பச்சை நிறத்தப் பத்தி முதல்ல சொல்லிடறேன், பயப்பட ஒண்ணுமே இல்ல. பூண்டுல இருக்கற கந்தகப் பொருளும் அமினோ அமிலமும் சேந்து நிறம் மாறுது, எலுமிச்சை, வினிகர் மாதிரி புளிப்பு பட்டா இன்னும் சீக்கிரம் மாறும். தாராளமா சாப்பிடலாம்.

ஆனா எண்ணெய் விஷயத்த தயவு செஞ்சு கவனமாப் படிங்க. பூண்டு மண்ணுக்குள்ள விளையறது, அதுல கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்ங்கற பாக்டீரியாவோட வித்து இருக்க வாய்ப்பு உண்டு. அந்த பாக்டீரியா காத்து இல்லாத, புளிப்பு இல்லாத இடத்துலதான் வளரும். எண்ணெய் ஊத்தி மூடினா நாம அதுக்குத் தேவையான இடத்தத்தான் அமைச்சுக் குடுக்கறோம். அது உண்டாக்கற நச்சு நரம்பத் தாக்கும், மூச்சே நின்னு போற அளவுக்குக் கொண்டு போய் விட்டுடும். வாடையும் வராது, நிறமும் மாறாது, நக்கிப் பாத்தும் கண்டுபிடிக்க முடியாது. அதனால எண்ணெய்ல போட்ட பூண்ட வெளிய வைக்கவே கூடாது, ஃப்ரிட்ஜ்லயே வச்சாலும் நாலு நாள்தான். வீட்ல யாராவது அப்படி ஒரு பாட்டில் வெளிய வச்சிருந்தா யோசிக்காம தூக்கிப் போட்டுடுங்க.

வழி ரொம்ப சுலபம். விழுத அரைச்சு ஐஸ் டிரேல ஒவ்வொரு குழிக்கும் ஒரு ஸ்பூன்னு போட்டு உறைய வச்சு, உறைஞ்சதும் கட்டிகளக் கழட்டி ஒரு ஜிப் கவர்ல போட்டு ஃப்ரீசர்லயே வைங்க. ரெண்டு மூணு மாசம் இருக்கும். சமைக்கறப்ப ஒரு கட்டிய எடுத்து நேரா சட்டில போட்டா போதும், கரைய விட வேண்டியதில்ல. விழுது பிடிக்காதவங்க பூண்ட உரிச்சு முழுப் பல்லா காஞ்ச டப்பால ஃப்ரிட்ஜ்ல வச்சா ஒரு வாரம் வரும். உரிக்கறதுதானே பெரிய வேலை, நசுக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகுது.

கேள்வி: கடைல விக்கற உறைஞ்ச பட்டாணி, பீன்ஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதே பீன்ஸ நான் வீட்டு ஃப்ரீசர்ல வச்சா ரப்பர் மாதிரி ஆகி, நிறம் செத்து, ஒரு மாதிரி வைக்கோல் வாட வருது. மெஷின் மட்டமா?

பதில்: மெஷின் மேல தப்பில்லங்க, ரெண்டு வேலை விட்டுப் போயிருக்கு. ஒண்ணு, காயோட என்சைம் மைனஸ் 18 டிகிரிலயும் மெதுவா வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும், குளிர் அத நிறுத்தாது. சூடுதான் நிறுத்தும். அதனால உறைய வைக்கறதுக்கு முன்னாடி கொதிக்கற தண்ணில காயப் போட்டு எடுக்கணும். நறுக்கின பீன்ஸுக்கு 3 நிமிஷம், காலிஃபிளவர் பூவுக்கு 3, சின்னத் துண்டு கேரட்டுக்கு 2, பட்டாணிக்கு ஒன்றரை நிமிஷம். தண்ணி நெறைய இருக்கணும், காயப் போட்டதும் சீக்கிரமே மறுபடி கொதி வரணும், அப்பலேர்ந்துதான் நேரத்த எண்ணணும். எடுத்த உடனே ஐஸ் தண்ணில போட்டு அதே அளவு நேரம் ஆற விடுங்க, இல்லன்னா உள்ள இருக்கற சூட்டுலயே வெந்துட்டே இருக்கும். அப்புறம் ஒரு சொட்டு ஈரம் இல்லாம துடைச்சு காய வைங்க.

இன்னொண்ணு வேகம். மெதுவா உறைஞ்சா பெரிய பெரிய ஐஸ் படிகம் உண்டாகி செல் சுவரக் கிழிச்சிடும், உருகினதும் காய் துவண்டு போயிடும். வேகமா உறைஞ்சா படிகம் சின்னதா இருக்கும், காய் அவ்வளவா கெடாது. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ-ங்கற அமெரிக்கர் கனடா பக்கம் இருக்கற லாப்ரடார்ல இருந்தப்ப, அங்க இருக்கற இன்யூட் மக்கள் பிடிக்கற மீன் அந்தக் கொடுங்குளிர்ல சட்டுன்னு உறைஞ்சு போறதையும், அத மாசக்கணக்கா வச்சு சமைச்சாலும் புதுசு மாதிரியே இருக்கறதையும் கவனிச்சாரு, அதுலேர்ந்துதான் 1920கள்ல வேகமா உறைய வைக்கற முறையக் கொண்டு வந்தாரு. நம்ம வீட்டு ஃப்ரீசருக்கு அந்த வேகம் வராது, ஆனா உதவி பண்ணலாம். காயக் குவிச்சு வைக்காம ஒரு தட்டுல ஒத்த அடுக்கா பரப்பி உறைய வச்சு, உறைஞ்சப்புறம் கவருக்கு மாத்தி, கவர்ல இருக்கற காத்த எல்லாம் அமுக்கி வெளிய தள்ளி மூடுங்க. இப்படி செஞ்சா ஒண்ணோடொண்ணு ஒட்டாது, ஒரு கைப்பிடி வேணும்னா ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துக்கலாம். சமைக்கும்போது உருக விடாம அப்படியே சூட்டுல போடுங்க.

குடைமிளகா, வெங்காயம் ரெண்டுக்கும் இந்தக் கொதி தண்ணி வேலையே வேணாம், பச்சையாவே நறுக்கி உறைய வைக்கலாம். தக்காளிய முழுசாவே வைக்கலாம், வெளிய எடுத்துத் தண்ணில காட்டினா தோல் தானா கழண்டு வரும். வெள்ளரிக்கா, சாலட் இலை இதெல்லாம் ஃப்ரீசருக்கு லாயக்கே இல்ல.

கேள்வி: நான் வயசானவ, பேத்திக்கு ராஜ்மா பிடிக்கும். ராத்திரி ஊற வைக்க மறந்துட்டா அடுத்த நாள் அவ்வளவுதான். மக ஒரு ஸ்லோ குக்கர் வாங்கிக் குடுத்திருக்கா, ஊற வைக்காமலே காலைல போட்டு விட்டா சாயங்காலம் வெந்துடும்ங்கறா. போடலாமாம்மா?

பதில்: அம்மா, வேண்டாம். ராஜ்மாவ மட்டும் ஸ்லோ குக்கர்ல பச்சையாப் போடவே போடாதீங்க. சிவப்பு ராஜ்மால ஃபைட்டோஹீமகுளூட்டினின்னு ஒரு நச்சுப் புரதம் இருக்கு, சரியா வேகாத நாலஞ்சு கொட்டை உள்ள போனாலே வாந்தியும் வயித்துப்போக்கும் வந்துடும். 100 டிகிரில தளதளன்னு கொதிச்சாதான் அது அழியும். ஸ்லோ குக்கர் பல நேரம் அந்தச் சூட்டுக்கே போறதில்ல, 80 டிகிரில வெந்த ராஜ்மா பச்சை ராஜ்மாவ விட அஞ்சு மடங்கு வரைக்கும் நச்சு கூடினதா இருக்கலாம். பாக்க மெத்துன்னு வெந்த மாதிரி இருக்கறதால நம்பி சாப்பிட்டுடுவோம், அதான் பயமே.

குறைஞ்சது 5 மணி நேரம் ஊறணும், ஊறின தண்ணியக் கொட்டிடணும், புதுத் தண்ணில குறைஞ்சது 10 நிமிஷம் நல்லா கொதிக்கணும், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 30 நிமிஷம் கொதிக்க வைக்கச் சொல்லுது. பிரஷர் குக்கர்ல சூடு 100 டிகிரியத் தாண்டிடும், ஊற வச்சத அதுல மெத்துன்னு வேக விட்டா கவலை இல்ல.

ஊற வைக்க மறந்தாலும் சமாளிக்க ஒரு நல்ல வழி சொல்றேன்மா. ஊற வைக்கற அன்னிக்கு ஒரு வேளைக்கு மட்டும் ஊற வைக்காம நாலு வேளைக்கு சேத்து ஊற வைங்க. மொத்தமா வேக வச்சு, ஆற விட்டு, வெந்த தண்ணி கொஞ்சத்தோட ஒரு வேளை அளவா பிரிச்சு ஃப்ரீசர்ல வச்சிடுங்க. டப்பாவ முழுசா நிரப்பாம மேல ஒரு விரல் இடம் விடுங்க, தண்ணி உறைஞ்சா கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும், கண்ணாடி பாட்டிலா இருந்தா விரிசல் விட்டுடும். கொண்டைக்கடலையையும் இதே மாதிரி வச்சுக்கலாம். அப்புறம் பேத்தி எப்ப கேட்டாலும் இருபது நிமிஷத்துல ஆயிடும்.

கேள்வி: வீட்ல பெரியவங்க, நறுக்கி வச்ச காய்ல சத்தே இருக்காது, சக்கைதான்னு திட்டறாங்க. பதில் சொல்லத் தெரியல.

பதில்: அவங்க சொல்றதுல பாதி நெசம். வைட்டமின் சி நறுக்கின இடத்துல காத்து, வெளிச்சம் பட்டு குறையும், நறுக்கின காயத் தண்ணில ஊறப் போட்டா இன்னும் கரைஞ்சு போகும். அதனால கழுவிட்டு நறுக்கணும், நறுக்கிட்டு கழுவக்கூடாது. ஆனா நார்ச்சத்து, இரும்பு, பொட்டாசியம் இதெல்லாம் ரெண்டு நாள் டப்பால இருந்தா எங்கயும் போகப்போறதில்ல. பறிச்ச உடனே உறைய வச்ச காய்ல, ஒரு வாரம் ஃப்ரிட்ஜ்ல கெடந்த பச்சைக் காய விட வைட்டமின் சி அதிகமாவே இருக்கலாம். இன்னொண்ணும் அவங்ககிட்ட பணிவா சொல்லுங்க. நறுக்கி வைக்கலன்னா உடனே நறுக்கி சமைக்கப்போறோம்னு அர்த்தமில்ல, நேரமில்லாம அன்னிக்குக் காயே இல்லாமதான் சாப்பிடப்போறோம். சத்து கொஞ்சம் குறைஞ்ச காய் தட்டுல இருக்கறது மேல்.

கேள்வி: அக்கா, நான் காலேஜ் ஸ்டூடன்ட். ரூம்ல சின்ன ஃப்ரிட்ஜ், ஃப்ரீசரே கிடையாது, ஒரே ஒரு அடுப்பு. இதுல என்னத்த முன்கூட்டி பண்றது?

பதில்: தம்பி, ஃப்ரிட்ஜே தேவைப்படாத தயாரிப்பு நெறைய இருக்கு, அதுலேர்ந்து ஆரம்பி. ஒரு வேளைக்கு வேணுங்கற அரிசி, பருப்பு, உப்பு, மசாலாத் தூள் எல்லாத்தையும் அளந்து ஒவ்வொரு பாட்டில்லயா போட்டு மூடி வச்சுடு. எவ்வளவு தண்ணி, எவ்வளவு நேரம்னு மேல எழுதி ஒட்டு. பசியோட வந்து நிக்கறப்ப ஒரு பாட்டிலத் திறந்து கழுவாம கொட்டற மாதிரி இருக்கணும், அதனால அரிசி பருப்ப முன்னாடியே கழுவி வெயில்ல நல்லா காய வச்சு போடு, துளி ஈரம் இருந்தாலும் பூசணம் பிடிச்சிடும். இது மாசக்கணக்குல நிக்கும்.

முட்டைய ஆறு ஏழா வேக வச்சு ஓட்டோட ஃப்ரிட்ஜ்ல வை, ஒரு வாரம் தாங்கும், உரிச்சா அன்னிக்கே சாப்பிட்டுடணும். வெங்காயம், உருளைக்கிழங்கு ரெண்டும் வெளிய காத்தோட்டமா இருக்கட்டும், ஆனா ரெண்டையும் ஒரே கூடைல போடாத, சீக்கிரம் கெடும். உருளை மேல வெளிச்சம் படக்கூடாது, பட்டா பச்சையாகி சோலனைன்னு ஒரு நச்சு சேரும். வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்துல கீரைய வைக்காத, பழம் விடற எத்திலீன் வாயுல கீரை மஞ்சளாயிடும்.

அப்புறம் தம்பி, ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி நாளைக்கு என்ன சமையல்னு ஒரு வரி எழுதி வை. உன் நேரத்துல பெரும்பங்கு யோசிக்கறதுலதான் போகுதுன்னு உன் கேள்வியப் படிச்சாலே தெரியுது.

கேள்வி: சாதம் மிஞ்சினா மூணு நாள் வச்சு சூடு பண்ணி சாப்பிடறோம். சரியா?

பதில்: சரியில்ல. அரிசில இருக்கற பாசில்லஸ் சீரியஸ்ங்கற பாக்டீரியாவோட வித்து கொதிச்சாலும் சாகாது. வெந்த சாதம் வெளியவே கெடந்தா அது முளைச்சு நச்ச உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. சாதத்த அகலத் தட்டுல பரப்பி ஆற வச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், 24 மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டு முடிக்கணும்ங்கறது பிரிட்டனோட உணவுத் தர அமைப்பு சொல்ற கணக்கு. சூடு ஒரே ஒரு தடவைதான், ஆவி பறக்கற வரைக்கும். மொத்தமா வடிச்சு வைக்கணும்னா ஃப்ரீசர்ல வைங்க. வெந்த மத்த சாப்பாடு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போயிட்டா, மூணு நாலு நாள் வரைக்கும் இருக்கலாம். ஃப்ரிட்ஜ் 4 டிகிரிக்குக் கீழ இருக்கான்னு ஒரு சின்ன தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க, கதவு அடிக்கடி திறக்கற வீட்ல அது பல சமயம் கூடத்தான் இருக்கும்.

கேள்வி: கோழி, மீன முன்னாடியே மசாலா தடவி வைக்கலாமா? எவ்வளவு நேரம்?

பதில்: வைக்கலாம், ஃப்ரிட்ஜுக்குள்ள மட்டும். பச்சைக் கோழி, மீன், கொத்துக்கறி மூணும் ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாளத் தாண்டக்கூடாது, மசாலா தடவினாலும் அதே கணக்குதான். அதுக்கு மேல வேணும்னா மசாலாவோடவே ஜிப் கவர்ல போட்டு தட்டையாப் பரத்தி ஃப்ரீசர்ல வைங்க, தட்டையா இருந்தா சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகவும் செய்யும். மீன்ல எலுமிச்சை, வினிகர் சேத்தா அரை மணி நேரம் போதும், ராத்திரி பூரா வச்சா சதை மாவு மாதிரி ஆயிடும். உருக வைக்கறது முந்தின நாளே ஃப்ரிட்ஜுக்கு மாத்தி வச்சுதான், மேடை மேல வச்சு இல்ல. அவசரம்னா கவரோட குளிர்ந்த தண்ணில போட்டு அரை மணிக்கு ஒரு தடவை தண்ணிய மாத்துங்க.

காய், கறி ரெண்டும் ஒரே நாள்ல நறுக்கறீங்கன்னா காய முதல்ல முடிச்சுட்டு அப்புறம் கறிய எடுங்க, பலகை தனித்தனியா இருக்கட்டும். பச்சைக் கறி ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுலதான், மேல வச்சா அதோட தண்ணி சொட்டி நறுக்கி வச்ச சாலட்ல விழும். கோழியக் குழாய்க்கு நேரா காட்டிக் கழுவறதும் வேணாம், தெறிக்கற தண்ணில கிருமி மேடை பூரா பரவும், வேகற சூடே அத அழிச்சிடும்.

கேள்வி: சகோதரி, என் மனைவிதான் வேலைக்கும் போயிட்டு இந்த முன்தயாரிப்பும் செய்யறாங்க. எனக்கு சமைக்க வராது. நான் என்ன பண்ணலாம்?

பதில்: சமைக்கத் தெரிய வேண்டியதில்லண்ணே, அதுக்கு முன்னாடி இருக்கற வேலை எதுக்கும் கைப்பக்குவம் வேணாம். ஆனா அவங்க சொல்லச் சொல்ல செய்யாதீங்க, ஒரு பொறுப்ப முழுசா எடுத்துக்கங்க. பூண்டு உரிக்கறது, கீரை ஆஞ்சு கழுவி காய வைக்கறது, கடலை ஊறப் போடறது, ஃப்ரீசர் கணக்கு, இந்த நாலும் உங்களோடதுன்னு வச்சுக்கங்க. ஃப்ரீசர் கணக்குன்னா, ஒவ்வொரு டப்பா மேலயும் ஒரு டேப் ஒட்டி என்ன, எந்தத் தேதின்னு எழுதறது, உள்ள என்னென்ன இருக்குன்னு கதவு மேல ஒரு பேப்பர்ல எழுதி வச்சு எடுக்க எடுக்க அடிக்கறது. உறைஞ்சப்புறம் எல்லாமே ஒரே மாதிரி பழுப்புக் கட்டியாத்தான் தெரியும், பேர் எழுதாத டப்பாவ யாரும் எடுக்கறதில்ல, கடைசில தூக்கித்தான் போடறோம். பூண்டு தீந்துச்சான்னு அவங்க உங்களுக்கு ஞாபகப்படுத்தற மாதிரி இருந்தா அந்த வேலை இன்னும் அவங்க தலையிலதான் இருக்கு. அத அவங்க மறந்துடற அளவுக்கு நீங்க பாத்துக்கணும்.

கேள்வி: இவ்வளவும் ஃப்ரீசர்ல வச்சு கரண்ட் போயிட்டா?

பதில்: கதவத் திறக்காதீங்க, அதுதான் முதல் வேலை. நிறைஞ்ச ஃப்ரீசர் திறக்காம இருந்தா கிட்டத்தட்ட 48 மணி நேரம் குளிரத் தாங்கும், பாதி நிறைஞ்சதுன்னா 24 மணி நேரம். கீழ ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம்தான். அதனால ஃப்ரீசர்ல காலி இடம் இருந்தா முக்கால் அளவு தண்ணி ஊத்தின பாட்டில்கள அடுக்கி வைங்க, இடமும் நிறையும், குளிரும் நிக்கும். கரண்ட் வந்ததும் தொட்டுப் பாருங்க, உள்ள இன்னும் ஐஸ் படிகம் இருந்தா மறுபடி உறைய வைக்கலாம், ருசி கொஞ்சம் குறையும், ஆபத்து இல்ல. முழுசா உருகி ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெதுவெதுப்பா இருந்த கறி, மீன், வெந்த சாப்பாடு எதையும் மோந்து பாத்து முடிவு பண்ணாதீங்க, தூக்கிப் போட்டுடுங்க. மறுபடி உறைய வச்ச பாக்கெட் மேல ஒரு குறி போட்டு, அந்த வாரமே அத முதல்ல சமைச்சு முடிச்சிடுங்க.